கவுண்டியைக் கேள்வி கேட்பது எப்படி: ஜுவனைல் ஹால் முதல் காட்டுத்தீ வரை, கலிஃபோர்னியாவுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

2008 ஜூன் மாதம் வட கலிஃபோர்னியாவின் பியூட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது) ஹம்போல்ட் தீ பரவியது. மலைமேட்டில் இருக்கும் பாரடைஸ் என்ற சிற்றூரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் காரில் கிளம்ப, கீழே இறங்கும் சாலைகள் அடைத்துக்கொண்டன. அடுத்த வருடம் அந்தக் கவுண்டியின் சிவில் கிராண்ட் ஜூரி என்ற மக்கள் விசாரணைக் குழு இதை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊரைவிட்டு வெளியேறும் சாலைகள் இத்தனை வண்டிகளைத் தாங்காது, தீ அபாயம் உள்ள இடங்களில் புது வீடு கட்டுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள் என்று அது சொன்னது. கட்டட விதிகள்தான் முன்னைவிடக் கடுமையாகிவிட்டனவே என்று காரணம் காட்டி, கவுண்டியை ஆளும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையான சூப்பர்வைசர்கள் வாரியம் அந்த யோசனையை ஏற்க மறுத்துவிட்டது. 2018 நவம்பர் 8 அன்று கேம்ப் தீ வந்தது. அதே சாலைகளில் மறுபடியும் வண்டிகள் நின்றன. 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின.

இன்னொரு கவுண்டியைப் பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் மரின் கவுண்டியின் கிராண்ட் ஜூரி 2019 ஏப்ரலில் ஓர் அறிக்கை கொடுத்தது. ஊருக்கு ஊர் தனித்தனியாகத் தீத்தடுப்பு வேலை பார்ப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, எல்லாரும் சேர்ந்து ஒரே அமைப்பு வேண்டும், அதற்கென்று நிலையான பணம் வேண்டும் என்பது அதன் சாரம். பேச்சு அதோடு நிற்கவில்லை. 2020 மார்ச்சில் மெஷர் சி என்ற பெயரில் அது வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆதரவு கிடைத்தது. 17 உள்ளாட்சி அமைப்புகள் சேர்ந்து மரின் வைல்ட்ஃபயர் பிரிவென்ஷன் அத்தாரிட்டி உருவானது. சொத்து வரியோடு வசூலாகும் தொகையில் வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் அதற்கு வருகிறது.

இரண்டு அறிக்கைகளையும் எழுதியவர்கள் அந்தந்தக் கவுண்டியில் குடியிருக்கும் சாதாரண ஆட்கள்தான். அறிக்கை வந்த பிறகு அதை யார் துரத்திக்கொண்டு போனார்கள் என்பதில்தான் எல்லாமே இருந்தது. துரத்துகிற அந்த வேலையைப் புதிதாக வந்த நாமும் செய்யலாம். பலவற்றுக்குக் குடியுரிமைகூடத் தேவையில்லை. அதற்கான வழியைத்தான் கீழே சொல்கிறேன்.

சிறார்களை அடைத்து வைக்கும் ஜுவனைல் ஹாலையும் காட்டுத்தீயையும் ஏன் ஒரே கட்டுரையில் போடுகிறேன் என்று தோன்றலாம். இரண்டுக்கும் பொறுப்பு கவுண்டிதான். இரண்டிலும் வழக்கமான நாளில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். பூட்டிய கட்டடத்துக்குள் இருக்கிற பிள்ளைகள் தீ வந்தால் தாங்களாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது, அவர்களுக்காக யாராவது முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

படி 1: யார் எதற்குப் பொறுப்பு

கேள்வியைத் தப்பான வாசலில் கேட்டால் பதில் வராது. அதனால் முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

ஜுவனைல் ஹால் என்பது சட்டத்தோடு மோதிய சிறார்களை அடைத்து வைக்கும் இடம். நம் ஊர்க் கூர்நோக்கு இல்லத்துக்குக் கிட்டத்தட்ட இணையானது. அதை நடத்துவது கவுண்டியின் புரொபேஷன் துறை, அதாவது நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை. பணம் ஒதுக்குவது சூப்பர்வைசர்கள் வாரியம். பெரிய குற்றம் செய்த சிறார்களை முன்பெல்லாம் மாநில அரசு தன் காப்பகங்களில் வைத்திருந்தது. 2020இல் வந்த எஸ்பி 823 சட்டப்படி அந்தக் காப்பகங்கள் 2023 ஜூன் 30 அன்று மூடப்பட்டன. இப்போது எல்லாருமே கவுண்டியிடம்தான். சில வழக்குகளில் 25 வயது வரைகூட ஒருவர் கவுண்டியின் பாதுகாப்புக் காப்பகத்தில் இருக்க நேரிடும். இத்தனை பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளப் பல கவுண்டிகள் தயாராக இருக்கவில்லை என்பது என் கருத்து.

காட்டுத்தீ விஷயம் கொஞ்சம் சிக்கல். வெளியேறச் சொல்லி உத்தரவு போடுவது பெரும்பாலும் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப், நகர எல்லைக்குள் என்றால் நகரக் காவல்துறை. கைபேசி எச்சரிக்கை அனுப்புவது கவுண்டியின் அவசரகால நிர்வாக அலுவலகம். வீடு கட்ட அனுமதி கொடுப்பது திட்டத் துறை. சாலை பொதுப்பணித் துறை. கால் ஃபயர் மாநிலத் தீயணைப்பு அமைப்பு, மின் கம்பி மின்சார நிறுவனத்தின் சொத்து. கடைசி இரண்டையும் கவுண்டி கிராண்ட் ஜூரி விசாரிக்க முடியாது. பிஜிஅண்ட்இ என்ற மின்சார நிறுவனத்தின் கம்பிமேல் மரக்கிளை உரசுகிறது என்றால் அந்த நிறுவனத்திடமும் மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையத்திடமும்தான் போக வேண்டும்.

படி 2: கிராண்ட் ஜூரியைப் புரிந்துகொள்ளுங்கள்

கிராண்ட் ஜூரி என்றதும் கொலை வழக்கு நினைவுக்கு வரும். இது வேறு. கலிஃபோர்னியாவின் 58 கவுண்டிகளிலும் வருடத்துக்கு ஒரு முறையாவது கிராண்ட் ஜூரி அமைக்க வேண்டும் என்று மாநில அரசியலமைப்பே சொல்கிறது. பெரும்பாலான கவுண்டிகளில் 19 பேர், லாஸ் ஏஞ்சலஸில் 23 பேர். வழக்கமாக ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை பதவிக்காலம். கவுண்டி, நகராட்சி, தீயணைப்பு மாவட்டம், தண்ணீர் மாவட்டம் என்று உள்ளாட்சி எதையும் எடுத்து விசாரிக்கலாம். 19 பேரில் 12 பேராவது ஒத்துக்கொண்டால்தான் அறிக்கை வெளியே வரும்.

எதை விசாரிப்பது என்பது அவர்கள் இஷ்டம், ஒன்றைத் தவிர. கவுண்டிக்குள் இருக்கும் சிறைகளின் நிலையையும் நிர்வாகத்தையும் ஒவ்வொரு வருடமும் விசாரித்தே ஆக வேண்டும் என்று பீனல் கோட் 919ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. பல கவுண்டிகளில் ஜுவனைல் ஹாலையும் சேர்த்தே பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு குழு இருக்கிறது, பலருக்குத் தெரியாது: ஜுவனைல் ஜஸ்டிஸ் கமிஷன். 7 முதல் 15 பேர் வரை இருப்பார்கள், நீதிமன்றம் நியமிக்கும். சிறார்களை வைத்திருக்கும் பொது நிறுவனங்களுக்குள் போய்ப் பார்க்க அவர்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்தாக வேண்டும். சான்டா கிளாரா கவுண்டியில் சான் ஹோசேயில் உள்ள ஜுவனைல் ஹாலையும் மோர்கன் ஹில்லில் உள்ள வில்லியம் எஃப். ஜேம்ஸ் ராஞ்சையும் இந்தக் கமிஷன் ஆய்வு செய்து அறிக்கை போடுகிறது. இது தவிர மாநில அளவில் பிஎஸ்சிசி என்ற சிறைத் தரக்கட்டுப்பாட்டு வாரியம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து பார்க்கும்.

படி 3: அறிக்கையைத் தேடுங்கள், பதிலை முதலில் படியுங்கள்

உங்கள் கவுண்டியின் பெயரோடு 'சிவில் கிராண்ட் ஜூரி ரிப்போர்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் தேடினால் சுப்பீரியர் கோர்ட் எனப்படும் கவுண்டி நீதிமன்றத்தின் பக்கமோ கவுண்டியின் பக்கமோ கிடைக்கும். பல வருட அறிக்கைகள் அங்கே பிடிஎஃப் ஆகக் கிடக்கும். பெரும்பாலான அறிக்கைகள் மே, ஜூன் மாதங்களில் வரும். செய்தித்தாளில் ஒரு நாள் தலைப்பாகும், அப்புறம் மறந்துபோவார்கள்.

நான் சொல்வது இதுதான்: இந்த வருட அறிக்கையைத் திறக்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று வருடம் பழைய அறிக்கை ஒன்றை எடுங்கள், அதற்குக் கவுண்டி கொடுத்த பதில் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி அதிகாரி, உதாரணமாக ஷெரிஃப், 60 நாளில் பதில் சொல்ல வேண்டும். சூப்பர்வைசர்கள் வாரியம், நகரசபை போன்றவற்றுக்கு 90 நாள். வாய்க்கு வந்தபடி பதில் சொல்லவும் முடியாது. அறிக்கையில் சொன்ன ஒவ்வொரு முடிவுக்கும் 'ஒத்துக்கொள்கிறோம்' அல்லது 'முழுதாக, பகுதியாக மறுக்கிறோம், காரணம் இது' என்று எழுத வேண்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் நான்கில் ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்:

- செய்து முடித்துவிட்டோம்.
- இன்னும் செய்யவில்லை, இந்தத் தேதிக்குள் செய்வோம்.
- இன்னும் ஆராய வேண்டும். இப்படிச் சொன்னால், அறிக்கை வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆராய்ந்து முடிக்க வேண்டும்.
- செய்யமாட்டோம், தேவையில்லை அல்லது நியாயமில்லை, காரணம் இது.

இதில் நான்காவது பதில்கூடப் பரவாயில்லை, மறுப்பு என்று தெளிவாகத் தெரியும், அதை எதிர்த்துப் பேசலாம். ஆபத்தானவை இரண்டாவதும் மூன்றாவதும். தேதி போட்டிருப்பார்கள், அந்தத் தேதி வந்து போயிருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அறிக்கை எழுதிய ஜூரி ஜூன் 30 அன்றே கலைந்துபோயிருக்கும். அடுத்து வரும் ஜூரி தன் வேலையைத்தான் பார்க்கும். சில கவுண்டிகளில் புது ஜூரி பழைய பதில்களைச் சரிபார்த்துத் தனி அறிக்கை போடுகிறது, அது நல்ல வழக்கம், ஆனால் கட்டாயமில்லை.

அதனால் ஒரு நோட்டை எடுத்து, அல்லது ஸ்ப்ரெட்ஷீட்டில், மூன்று நெடுவரிசை போடுங்கள்: என்ன பரிந்துரை, என்ன பதில், எந்தத் தேதி. தேதி கடந்த ஒவ்வொன்றும் உங்கள் கேள்வி. அதை அப்படியே அந்தத் துறைக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் பொதுப் பதிவுகள் சட்டத்தின் கீழ் ஆவணம் கேளுங்கள். கேட்ட ஆவணம் தங்களிடம் இருக்கிறதா, தருவார்களா என்று 10 நாளில் சொல்ல வேண்டும். 'பாதுகாப்பு பற்றிய எல்லாத் தகவலும்' என்று கேட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். 'சென்ற வருடம் நடந்த தீப் பயிற்சிகளின் தேதிகள்' என்று கேட்டால் ஒரே பக்கத்தில் பதில் வரும்.

படி 4: ஜுவனைல் ஹால் அறிக்கையில் எதைப் பார்ப்பது

ஆய்வு அறிக்கைகளில் சமையலறை சுத்தம், சுவர் வண்ணம், நூலகம் என்று நிறைய இருக்கும். அதெல்லாம் முக்கியம்தான், ஆனால் முதலில் ஊழியர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆள் இல்லையென்றால் மற்ற எல்லாமே சரியும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போக ஆளிருக்காது, மைதானத்துக்கு விட ஆளிருக்காது, கடைசியில் அறையிலேயே பூட்டி வைப்பார்கள்.

மாநில விதிகள் என்ன சொல்கின்றன என்று தெரிந்திருந்தால் கேள்வி கேட்பது சுலபம். அறைக்குள் தனியாகப் பூட்டி வைப்பதற்கு 2018 முதல் 4 மணி நேர வரம்பு இருக்கிறது. தண்டனைக்காகவோ ஊழியர் வசதிக்காகவோ அப்படிச் செய்யவே கூடாது. பள்ளி நாளில் குறைந்தது 240 நிமிடம் பாடம் நடக்க வேண்டும். வானிலை அனுமதித்தால் தினமும் ஒரு மணி நேரமாவது வெளியில் உடற்பயிற்சி வேண்டும். பிள்ளைகள் அறையில் இருக்கும்போது ஊழியர் 15 நிமிடத்துக்கு ஒரு முறையாவது நேரில் வந்து பார்க்க வேண்டும், அதுவும் முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி இடைவெளியை மாற்றி மாற்றி.

இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பார்வையிட்ட நேரத்தை ஒரு பதிவேட்டில் குறிப்பார்கள். 10:00, 10:15, 10:30, 10:45 என்று இரவு முழுக்கச் சீராக இருந்தால், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சந்தேகப்பட வேண்டிய பக்கம் அதுதான். நிஜமாக நடந்து போய்ப் பார்த்தவர் கையெழுத்தில் 10:02, 10:13, 10:27 என்று வரும். ஒரு கதவருகே பேச்சுக் கொடுக்க இரண்டு நிமிடம் கூடும், இன்னொன்றில் குறையும். பதிவேடு ஒரே மூச்சில் பின்னால் உட்கார்ந்து நிரப்பப்பட்டதா என்று கமிஷன் உறுப்பினர் கேட்டாரா, கேட்டது அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கமிஷனின் அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேளுங்கள்.

கண்காணிப்பு தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியைப் பார்த்தால் போதும். 2023 மே மாதம் பிஎஸ்சிசி அங்கே இரண்டு ஜுவனைல் ஹால்களைப் பிள்ளைகளை வைத்திருக்கத் தகுதியற்றவை என்று அறிவித்தது. பிள்ளைகளை டௌனியில் உள்ள லாஸ் பட்ரினோஸுக்கு மாற்றினார்கள். 2024 அக்டோபரில் ஊழியர் பற்றாக்குறையால் அதுவும் தகுதியற்றது என்றார்கள். கெடு டிசம்பரில் முடிந்தது. கட்டடம் திறந்தே இருந்தது. மாநில வாரியம் அறிவிக்கலாம், ஆனால் கதவைப் பூட்டுகிற ஆள்படை அதனிடம் இல்லை. 2025 மார்ச்சில், அங்கே பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் சண்டை போட விட்டு வேடிக்கை பார்த்ததாக 30 அதிகாரிகள் மீது குற்றச்சாட்டு பதிவானது. 2023 ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையே 69 சண்டைகள், பாதிக்கப்பட்ட 143 பேரின் வயது 12 முதல் 18 வரை என்று மாநில அட்டர்னி ஜெனரல் அறிவித்தார். அந்தக் குற்றச்சாட்டைப் பதிவு செய்தது குற்றவியல் கிராண்ட் ஜூரி, நாம் பேசும் சிவில் ஜூரி அல்ல. காணொளி ஒன்று கசிந்து செய்தித்தாளில் வந்த பிறகுதான் வெளியுலகுக்கு அது தெரிந்தது என்பது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். அத்தனை ஆய்வுக் குழுக்கள் போய்வந்த இடம் அது.

இப்போது தீ. மாலிபு மலையில் இருக்கும் கேம்பஸ் கில்பாட்ரிக் சிறார் முகாமை 2018 நவம்பரில் வூல்ஸி தீயின்போது காலி செய்ய வேண்டியிருந்தது. சொனோமா கவுண்டியின் ஜுவனைல் ஹால் இருக்கும் லாஸ் கிலிகோஸ் பக்கம் 2020 செப்டம்பரில் கிளாஸ் தீ இறங்கியபோது அந்தப் பகுதியையே காலி செய்தார்கள். மாநில விதித்தொகுப்பின் டைட்டில் 15, 1325ஆம் பிரிவு என்ன கேட்கிறது என்றால்: ஒவ்வொரு சிறார் காப்பகத்திலும் வெளியேற்றத் திட்டம் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது தீப் பயிற்சி நடத்திப் பதிவு செய்ய வேண்டும், தீ வந்தால் பிள்ளைகளை எங்கே தங்க வைப்பது என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஆக, உங்கள் கேள்விகள் தயார்:

- சென்ற வருடத்தின் நான்கு தீப் பயிற்சிகள் எந்தெந்தத் தேதியில் நடந்தன? இரவுப் பணி ஊழியர்களோடு ஒன்றாவது நடந்ததா?
- மாற்று இடம் எது? அந்த இடம் நடத்துபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? அதுவும் அதே தீ அபாயப் பகுதியில்தான் இருக்கிறதா?
- எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நடையில் ஏற்ற வண்டி இருக்கிறதா?
- பெற்றோருக்கு யார், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வார்கள்? ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு?
- தீ தூரத்தில் இருந்து புகை மட்டும் வந்தால் என்ன செய்வார்கள்?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். காற்றுத் தரக் குறியீடு 151ஐத் தொட்டால் வெளியில் வேலை செய்பவர்களுக்கு முகக்கவசம் கொடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் விதி இருக்கிறது. அது தொழிலாளர்களுக்கான விதி. பூட்டிய அறைக்குள் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு, காற்றோட்டக் குழாயில் எந்த வடிகட்டி போட்டிருக்கிறார்கள் என்று தனியாகத்தான் கேட்க வேண்டும்.

படி 5: காட்டுத்தீ, கவுண்டியிடமும் வீட்டிலும்

முதலில் வீட்டு வேலையை முடியுங்கள், இன்றைக்கே ஆகிற வேலை. கவுண்டியின் கைபேசி எச்சரிக்கைச் சேவையில் பதிவு செய்யுங்கள்: சான்டா கிளாராவில் அலர்ட்எஸ்சிசி, அலமீடாவில் ஏசி அலர்ட். கைபேசி எண்ணை நாமாகப் பதிவு செய்தால்தான் எல்லாத் தகவலும் வரும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவின் எண்ணையும் சேருங்கள், பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். உங்கள் வெளியேற்ற மண்டல எண்ணைத் தெரிந்துகொண்டு குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டுங்கள். வார்னிங் என்றால் தயாராகு, முதியவர்களும் குழந்தைகளும் இருந்தால் அப்போதே கிளம்பு. ஆர்டர் என்றால் உடனே போ, அது சட்டபூர்வமான உத்தரவு.

சொந்த வீடு என்றால் சுவரிலிருந்து முதல் ஐந்து அடியில் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் தீயணைப்புத் துறையினர் ஓயாமல் சொல்வது. மரத்தூள் பரப்பியது, வாசலில் அடுக்கிய விறகு, சுவரோடு சாய்ந்த மரவேலி எல்லாம் இதில் அடக்கம். பெரும்பாலான வீடுகளைக் கொளுத்துவது காற்றில் பறந்து வரும் தணல், தீச்சுவர் அல்ல. கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கின் காற்றுத் துளைகளில் எட்டில் ஒரு அங்குலக் கண்ணுள்ள உலோக வலை போடுவது மலிவான காப்பு. அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடி வரை புதரும் காய்ந்த புல்லும் ஒழிப்பது மாநிலச் சட்டம்.

இனி கவுண்டியிடம் கேட்பது. 2019இல் இரண்டு சட்டங்கள் வந்தன. எஸ்பி 99 சட்டம், அபாயப் பகுதியில் இருக்கும் குடியிருப்புகளில் எவற்றுக்கு வெளியேற இரண்டு வழிகூட இல்லை என்று அடையாளம் காணச் சொல்கிறது. ஏபி 747 சட்டம், வெளியேற்றச் சாலைகளின் கொள்ளளவை ஆராயச் சொல்கிறது. இரண்டும் நகரத்தின் அல்லது கவுண்டியின் பொதுத் திட்டத்தில் பாதுகாப்பு அத்தியாயத்தில் இருக்க வேண்டும். அதைத் திறந்து உங்கள் தெருவைத் தேடுங்கள். பியூட் கவுண்டி ஜூரி 2009இல் கேட்டது இன்று மாநிலம் முழுக்க எழுத்தில் இருக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. அந்த ஜூரியின் யோசனைகளில் எல்லாமே வீணாகவும் இல்லை. வடக்கே மலைக்காடு வழியாகப் போகும் ஒரு மண்சாலைக்குத் தார் போடச் சொன்னார்கள், அது பிற்பாடு நடந்தது.

எச்சரிக்கை சரியாக எல்லாருக்கும் போகிறதா என்பதையும் கேளுங்கள். 2025 ஜனவரி 7 இரவு ஈட்டன் தீ ஆல்டடீனாவுக்குள் வந்தபோது, ஊரின் கிழக்குப் பக்கத்துக்கு உத்தரவு போய்ப் பல மணி நேரம் கழித்துத்தான் லேக் அவென்யூவுக்கு மேற்கே இருந்தவர்களுக்குப் போனது. இறந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே அந்த மேற்குப் பகுதிக்காரர்கள். முதியவர்களும் நடமாட முடியாதவர்களும் அதில் அதிகம். உங்கள் கவுண்டியிடம் கேட்க வேண்டியது: உத்தரவு போடும் முடிவை யார் எடுக்கிறார், அவர் தூங்கும் நேரத்தில் யார், எந்தெந்த மொழியில் போகிறது, கார் இல்லாதவர்களை யார் ஏற்றுவார்கள்.

படி 6: கூட்டத்தில் பேசுங்கள்

சூப்பர்வைசர்கள் வாரியம், நகரசபை, ஜுவனைல் ஜஸ்டிஸ் கமிஷன் எல்லாவற்றின் கூட்டமும் பொதுமக்களுக்குத் திறந்தது. பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். கிராண்ட் ஜூரிக்கான பதில் கடிதம் பெரும்பாலும் 'கன்சென்ட் கேலண்டர்' என்ற பகுதியில் இருக்கும். விவாதமே இல்லாமல், இருபது முப்பது விஷயங்களை ஒரே வாக்கெடுப்பில் நிறைவேற்றும் பகுதி அது. அந்தப் பட்டியலில் கிராண்ட் ஜூரி என்ற சொல்லைத் தேடுங்கள். கூட்டத்துக்கு முன்பே உங்கள் பகுதி சூப்பர்வைசரின் அலுவலகத்துக்கு எழுதி, அதைத் தனியே எடுத்து விவாதிக்கச் சொல்லுங்கள்.

பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். பெயர் சொல்வது கட்டாயமில்லை. ஒரே ஒரு பரிந்துரை எண், அதற்கு அவர்கள் சொன்ன பதில், கடந்துபோன தேதி. இவ்வளவு போதும். ஆவேசமாகப் பேசுபவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள், தேதியோடு வருபவரைப் பார்த்தால்தான் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் தமிழில் பேசி மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளலாம், அப்போது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்பது சட்டம்.

படி 7: புகார் எழுதுவது

கிராண்ட் ஜூரியிடம் புகார் கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை. படிவம் ஒவ்வொரு கவுண்டியின் பக்கத்திலும் இருக்கிறது. ஒன்றிரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள்: எந்தத் துறை, என்ன நடந்தது, எந்தத் தேதி, யாரிடம் ஏற்கெனவே முறையிட்டீர்கள், என்ன ஆவணம் கையில் இருக்கிறது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு, மாநில, மத்திய அரசு அமைப்புகள், தனியார் தகராறு இவற்றை அவர்கள் தொட மாட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் கொடுத்தால் புது ஜூரிக்கு முழு வருடமும் கையில் இருக்கும். ஏப்ரலில் கொடுத்தால் நேரம் போதாது.

கொடுத்த பிறகு பதிலை எதிர்பார்க்காதீர்கள். விசாரிக்கிறார்களா இல்லையா என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ரகசியம் காப்பது சட்டக் கட்டாயம், மீறினால் அவர்கள்மேல் வழக்கு வரும். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே வராததும் அதனால்தான்.

ஒரு பிள்ளைக்கு இப்போதே ஆபத்து என்றால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். கவுண்டியின் குழந்தைப் பாதுகாப்பு அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். சிறார் காப்பகம் பற்றிய முறையீடுகளை விசாரிக்க மாநிலத்தின் இளைஞர் மறுவாழ்வு அலுவலகத்தில் தனி ஆம்பட்ஸ்பெர்சன் இருக்கிறார், உள்ளே இருக்கும் பிள்ளையும் குடும்பத்தாரும் நேரடியாக அங்கே போகலாம்.

படி 8: நீங்களே உள்ளே போவது

கிராண்ட் ஜூரியில் உட்காருவதற்கு அமெரிக்கக் குடியுரிமை, 18 வயது, அந்தக் கவுண்டியில் ஒரு வருடம் குடியிருப்பு, போதிய ஆங்கிலம் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியில் இருப்பவர் கூடாது. பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் சுப்பீரியர் கோர்ட் இணையதளத்தில் விண்ணப்பம் திறக்கும். நீதிபதி நேர்காணல் செய்வார், அப்புறம் குலுக்கல். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மணி நேரமாவது போகும், தரும் தினப்படி சொற்பம். அதனால்தான் ஓய்வு பெற்றவர்களே அதிகம் இருக்கிறார்கள். குடியுரிமை வாங்கி ஓய்வும் பெற்றுவிட்ட நம்மவர்கள், அதிலும் கணக்கும் தணிக்கையும் பார்த்துப் பழகியவர்கள், கவுண்டிக்குக் கவுண்டி இருக்கிறார்கள். அவர்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கிரீன் கார்டில், விசாவில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. 2019இல் வந்த எஸ்பி 225 சட்டப்படி, மாநிலத்தில் வசிக்கும் 18 வயது நிறைந்த எவரும் குடியுரிமை பாராமல் நியமனப் பதவிகளுக்குத் தகுதியானவர். பல ஆணையங்களும் ஆலோசனைக் குழுக்களும் இதில் வரும். தினப்படி ஏதும் தருவதாக இருந்தால் உங்கள் விசா நிபந்தனைக்கு ஒத்துவருமா என்று முதலில் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜுவனைல் ஜஸ்டிஸ் கமிஷனில் 14 முதல் 21 வயதுக்குள் இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வீட்டில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். கமிஷனின் கூட்டங்களுக்கு இரண்டு மூன்று முறை சும்மா போய் உட்கார்ந்து கேட்கட்டும், சென்ற வருட ஆய்வு அறிக்கையைப் படித்துப் பார்க்கட்டும். பிடித்திருந்தால், இளைஞர் இடம் காலியாக இருக்கிறதா என்று கமிஷனின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம்.